அந்த வீட்டின் அமைதி எங்கிருந்து வந்தது?



போன மாதம் மகனும் மருமகளும் ஏற்பாடு செய்து, கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தேன். இப்போது அது தங்கும் விடுதி. பெயரை எழுதவில்லை. எழுதினால் விளம்பரம் ஆகிவிடும். படங்களைப் பார்த்த பலரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டீர்கள்: "இவ்வளவு பெரிய வீட்டில் எப்படி டீச்சர் இவ்வளவு அமைதி?"

விடுதிக்காரர்களும் அதைத்தான் முதலில் சொல்லுகிறார்கள். அறையில் டிவி கிடையாது. முற்றத்தில் புறா முனகும் சத்தம், மத்தியானம் எங்கோ பாத்திரம் வைக்கும் சத்தம், அவ்வளவுதான்.

வரவேற்பில் நின்ற பெண் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவள். அவள் ஒரு கேள்வி கேட்டாள். "வர்றவங்க இந்த வீட்டைப் பத்திக் கேட்டா பர்மா தேக்கு, முட்டைப் பூச்சு, ஆத்தங்குடிக் கல்லுன்னு சொல்றோம் டீச்சர். அதுக்கு மேல என்ன சொல்றது?" நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வீட்டின் அமைப்பு. தெருவிலிருந்து படியேறினால் முகப்பு. இரண்டு பக்கமும் திண்ணை. ஒரே மரத்தில் கடைந்த தூண்கள். ஆண்கள் உட்கார்ந்து கணக்கு வழக்குப் பேசுகிற இடம் அது. நிலைக்கதவைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி, கிணறு. முன்வாசல் ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில். கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் முகப்பில் நின்று பார்த்தால் பின்வாசல் வெளிச்சம் தெரியும்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஊர்கள் இவை. நகரத்தார் ஊர்கள் 96 என்பது பழைய கணக்கு. இன்று எழுபத்தைந்தை ஒட்டி எஞ்சியிருக்கின்றன. மழை குறைந்த பூமி. ஓட்டுக்கூரையில் விழும் தண்ணீரை முற்றத்தில் சேர்த்து, கிணற்றுக்கும் ஊருணிக்கும் போகும்படி வழி செய்தார்கள். வீடுகள் பெரும்பாலும் 1850க்கும் 1940களுக்கும் இடையில் கட்டப்பட்டவை. தேக்கு பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. சுவருக்குச் சுண்ணாம்புக் காரையைப் பல அடுக்காகப் பூசி, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்தார்கள். இன்றும் கையை வைத்தால் வழுவழுவென்று குளிர்ச்சியாக இருக்கிறது. ஆத்தங்குடித் தரைக்கல் மட்டும் நம் ஊர்ச் சரக்கு. கண்ணாடித் தகட்டின் மேல் சாயக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டுக் கையால் செய்வது.

இதுவரை என் மாணவி சொல்லுவாள். இனிமேல் வருவதுதான் பாடம்.

இவ்வளவு பெரிய வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள்? வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மிகச் சிலர்தான். வீடு கட்டியது அன்றாடம் குடியிருக்க மட்டும் இல்லை. கல்யாணம், சாந்தி, முன்னோருக்குப் படைப்பு என்று விசேஷம் வந்தால் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து தங்கிச் சாப்பிட்டுப் போக வேண்டும். அதற்காகத்தான் பந்தி போடும் கூடம், அண்டா குண்டா வைக்கும் அறைகள், இரண்டு தெருவுக்கு நீண்ட கட்டுகள். விசேஷம் முடிந்து வண்டிகள் கிளம்பியதும் வீடு அடங்கிவிடும்.

அந்த வரிசை அறைகளைக் கவனியுங்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ஆளுக்கு ஓர் அறை. கல்யாணம் ஆனவன் ஒரு 'புள்ளி'. கோயில் வரி வாங்குவது புள்ளிக் கணக்கில்தான். புதுத் தம்பதியை 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரே கூரைக்குக் கீழே அவர்களுக்கென்று தனி அடுப்பு, தனிச் செலவு. நாம் கூட்டுக்குடும்பம் என்று சொல்லுவோம், ஆனால் உள்ளே ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிக் குடும்பம். மாமியார் அடுப்பும் மருமகள் அடுப்பும் வேறு. அறையில் சீர்ச் சாமான்களைப் பூட்டி வைத்துவிட்டுத் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்வார்கள். நான் தங்கிய விடுதியில் அப்படி இரண்டு அறைகளை ஒன்றாக்கி, குளியலறை சேர்த்து ஏசி போட்டிருக்கிறார்கள்.

அந்த அறைகளின் ஆண்கள் எங்கே? கடலுக்கு அந்தப் பக்கம். 'கொண்டுவிக்கப் போவது' என்று அதற்குப் பெயர். ரங்கூன், மோல்மீன், பினாங்கு, கொழும்பு, சைகோன். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாக உயர வேண்டும். ஒரு தவணை பெரும்பாலும் மூன்று வருடம். மூன்று வருடம் போய்விட்டுச் சில மாதம் ஊரில் இருந்து மறுபடியும் கப்பல் ஏறுவார்கள். மனைவியை அழைத்துப் போகும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. பையன் முகம் பார்க்காத தகப்பன்களும், தகப்பன் முகம் மறந்த பையன்களும் இந்தத் தெருக்களில் இருந்தார்கள்.

ஆச்சிமார் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பனையோலைக் கொட்டான் முடைந்தார்கள், வற்றல் வடகம் போட்டார்கள், மராமத்தும் கொடுக்கல் வாங்கலும் பார்த்தார்கள். சீதனமாக வந்த பணத்தைக் கடைகளில் வட்டிக்குப் போட்டார்கள். அந்த முதலீட்டுக்கு 'ஆச்சிமார் பணம்' என்றே தனிப் பெயர் உண்டு. ஆகவே ரங்கூன் வியாபாரத்தில் இந்த வளவின் பெண்களுக்கும் பங்கு இருந்தது. ஆனால் அவர்கள் கட்டிக்காத்த வீட்டில் அவர்கள் பெயரில் இருந்த வீடுகள் அபூர்வம். கானாடுகாத்தானில் 'விசாலம்' என்று ஒரு வீடு, ஒரு தகப்பனார் தன் மகளுக்காகக் கட்டியது. இப்போது அதுவும் விடுதிதான். அதை மக்கள் சிறப்பாக எடுத்துச் சொல்லுவதிலிருந்தே அது எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்துகொள்ளலாம்.

நீங்கள் கேட்ட அமைதியில் ஒரு பகுதி இதுதான். வீடு புதிதாக இருந்த காலத்திலேயே வந்துவிட்ட அமைதி, காத்திருந்த பெண்களுடையது.

அடுத்து, பணம் எங்கிருந்து வந்தது? "பர்மாவிலிருந்து" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அந்த வார்த்தைக்குள் நிறைய இருக்கிறது.

1852ல் கீழ் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது. அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடாகவும் சதுப்பாகவும் கிடந்த நிலத்தை மேல் பர்மாவிலிருந்து வந்த விவசாயிகள் திருத்தி வயலாக்கினார்கள். 1850களில் சுமார் 10 லட்சம் ஏக்கராக இருந்த நெல் சாகுபடி, 1930களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. காடு வெட்ட, மாடு வாங்க, விதை வாங்க, கூலி கொடுக்க எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். வெள்ளைக்காரர்களின் வங்கிகள் சின்ன விவசாயியை ஏறெடுத்தும் பார்க்காது. கடன் கொடுத்தவர்கள் செட்டியார்கள். 1930 வாக்கில் பர்மாவில் அவர்களுடைய கடைகள் சுமார் 1,650. ரங்கூன் மொகல் தெருவில் ஒவ்வொரு கிட்டங்கியிலும் பல கடைகள், தரையில் பாய், பாயின் முன்னால் பெட்டி, பெட்டியின் மேல் பேரேடு. உலகத்துக்கு அரிசி போட்ட ஒரு நாட்டின் விவசாயமே அந்தப் பெட்டியடிகளை நம்பித்தான் நடந்தது. இது சாதாரண சாதனை இல்லை.

பிறகு 1930 வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. வாங்கிய கடன் அப்படியே நின்றது. விவசாயியால் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930ல் சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர், அதாவது நூற்றுக்கு 6 பங்கு. 1937ல் அது சுமார் 24 லட்சம் ஏக்கர், நூற்றுக்கு 25 பங்கு. ஏழே வருடத்தில் நான்கு மடங்கு.

இந்த எண்ணை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். செட்டியார்களுக்கு வேண்டியது நிலம் இல்லை, பணம். கடல் கடந்து கிடக்கும் சேற்று நிலத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? முதல் முடங்கிப்போயிற்று என்றுதான் புலம்பினார்கள். அந்தப் பக்கம் பாருங்கள். பாட்டன் வெட்டித் திருத்திய வயலில் பேரன் கூலிக்காரன் ஆனான். 1930 டிசம்பரில் தாராவதி மாவட்டத்தில் சாயா சான் என்பவர் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். அரசு படையை அனுப்பி அடக்கி, 1931 நவம்பரில் அவரைத் தூக்கிலிட்டது. பர்மியப் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் அவரைப் படிக்கிறார்கள். அதே பாடத்தில் செட்டியாரும் வருவார், ஆனால் நாம் அறிந்த வள்ளலாக வரமாட்டார்.

இதைச் சொல்லும்போது யாரும் மனம் வருத்தப்பட வேண்டாம். என் மாணவர்களில் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் பலர் உண்டு. கடல் கடந்து ஈட்டிய செல்வத்தில்தான் ஒன்பது நகரக் கோயில்களும் புதுப்பொலிவு பெற்றன. 1929ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அவர் தொடங்கிய கல்லூரியில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் உங்களிலேயே எத்தனை பேர்! கொடுத்த கையும் உண்மை, வாங்கிய வட்டியும் உண்மை. வரலாறு படிக்கிறவர்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதப் பழக வேண்டும்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு போட்டது. 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் மலையையும் காட்டையும் தாண்டி மணிப்பூர் வழியாகவும் அரக்கான் வழியாகவும் நடந்தார்கள். நடந்தவர்கள் லட்சக்கணக்கில். வழியில் பசியிலும் காலராவிலும் மலேரியாவிலும் போனவர்கள் ஆயிரக்கணக்கில்.

உறவினர்களுக்குத் தெரியும், நம் சின்னத் தாத்தா அந்தக் கூட்டத்தில் ஒருவர். ரங்கூனில் ஒரு கிட்டங்கியில் சமையல் வேலைக்குப் போனவர். முதலாளிமார் கதையை எழுத ஆள் உண்டு, சமையல்காரர் கதையை எழுத ஆள் இல்லை. திரும்பி வந்தபோது கையில் இருந்தது ஓர் எனாமல் தட்டு. "எப்படி வந்தீங்க தாத்தா?" என்று கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். அவர் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

1948ல் பர்மா விடுதலை பெற்றது. அதே ஆண்டு நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது. வயலில் முடங்கிய முதல் திரும்பவே இல்லை. 1960களில் மிச்சமிருந்த கடைகளும் போயின. கைப்பையோடு வந்த குடும்பங்களுக்காகப் பல ஊர்களில் குடியிருப்புகள் உருவாயின. காரைக்குடியில் பர்மா காலனி என்று பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிறோமே, அந்தப் பெயரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஊரில் வீடுகள் நின்றன. ஆனால் அவற்றைப் பராமரிக்கும் வருமானம் நின்றுபோயிற்று. பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். பூட்டு விழுந்தது. நீங்கள் கேட்ட அமைதியின் இன்னொரு பகுதி இது.

நான் அந்தப் பக்கத்துப் பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தவள். தினமும் நடந்து போன தெருவில் அப்படிப்பட்ட வீடுகள் வரிசையாக நின்றன. முகப்பில் பொம்மைகள், பூட்டிய கதவு, திண்ணையில் படுத்திருக்கும் ஆடு. பூட்டில்லாத காலத்திலும் எல்லோரும் உள்ளே போய்விட முடியாது. யார் திண்ணை வரை, யார் முகப்பு வரை, யார் பின்வாசலில் நிற்க வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கல் சுமந்தவருக்கும் மரம் இழைத்தவருக்கும் வீடு குடிபுகுந்த பிறகு வளவில் இடம் இல்லை. இன்று அதே வளவில் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை சாவிக்கொத்தோடு நடக்கிறாள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அங்கே வேலை பார்க்கிறார்கள், காசு கொடுத்தால் யாரும் தங்கலாம். இதைச் சின்ன மாற்றம் என்று நான் நினைக்கவில்லை.

சரி, வீடுகளை என்ன செய்வது? ஒரு கணக்குப் போடுங்கள். வீடு கட்டியவருக்கு மூன்று மகன்கள். ஒவ்வொருவருக்கும் மும்மூன்று. அடுத்த தலைமுறையிலும் அப்படியே. மூன்று, ஒன்பது, இருபத்தேழு. தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெண்மக்களுக்கும் பிறப்பால் பங்குரிமை வந்தது, அது நியாயம். ஆக ஓர் ஓட்டை மாற்ற முப்பது நாற்பது பேர் சம்மதிக்க வேண்டும். அமெரிக்காவில் ஒருவர், மலேசியாவில் ஒருவர், பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே தெருவில். ஓடு மாறாது. மழை உள்ளே இறங்கும். உத்தரம் இற்றுப்போகும். கடைசியில் எல்லோரும் எளிதாக ஒத்துக்கொள்ளும் ஒரே முடிவு, பிரித்து விற்பது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கதவு தனியாக, தூண் தனியாக, கண்ணாடி தனியாக, அடுக்குச் சட்டி தனியாகக் கிடைக்கும். ஒரு வீடு நூறு வீடுகளின் அலங்காரமாகிவிடும்.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை 2014ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியல் கூரைக்கு ஓடு போடாது. அந்த நிலையில் விடுதியாக மாற்றுவது கெட்ட வழி இல்லை என்பது என் கருத்து. வருமானம் வந்தால் ஓடு மாறும், காரை பூசத் தெரிந்த கொத்தனாருக்கு வேலை கிடைக்கும், ஆத்தங்குடிப் பட்டறை ஓடும். விசேஷத்துக்கு வந்தவர்களைத் தங்க வைக்கக் கட்டிய வீடு, வேறு விருந்தாளிகளைத் தங்க வைக்கிறது. கட்டியவர் பார்த்தால் முகம் சுளிக்கமாட்டார் என்றே தோன்றுகிறது.

ஆனால் விடுதி காப்பாற்றுவது மரத்தையும் கல்லையும்தான். இந்த வளவில் காத்திருந்தது யார், எந்த வயலின் வட்டி இந்தத் தூணானது, எந்த வழியாக யார் நடந்து வந்தார்கள் என்பதை விடுதி காப்பாற்றாது. அது அதன் வேலையும் இல்லை. அது நம் வேலை.

எனவே வழக்கம்போல வீட்டுப்பாடம். பழைய வீட்டில் பங்கு உள்ள பிள்ளைகளுக்கு: கதவைப் பிரிக்கும் முன் மரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். பேரேடு, இசைகுடிமான ஓலை, ரங்கூன் முத்திரை விழுந்த கடிதங்கள், மொய் நோட்டு இருக்கும். கதவுக்கு விலை உண்டு என்று எல்லோருக்கும் தெரிகிறது. இந்தக் காகிதங்கள் மட்டும் எடைக்குப் போய்விடுகின்றன. ஒரு கிலோவுக்கு என்ன கொடுத்துவிடப் போகிறான்? கையெழுத்து புரியாவிட்டாலும் போனில் படமாவது எடுத்து வையுங்கள். வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

பங்கு இல்லாத பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. உங்கள் வீட்டில் அந்த வீடுகளுக்குக் கல் சுமந்தவர், சமைத்தவர், வண்டி ஓட்டியவர், பர்மாவிலிருந்து நடந்து வந்தவர் யாராவது இருந்திருப்பார்கள். எண்பது வயது தாண்டிய ஆச்சியோ அப்பத்தாவோ இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், ஊர், வருடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுந்து போனால் விடாதீர்கள், மறுநாள் மறுபடியும் கேளுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்